வாரியம் உடைந்த வருடம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துக் கொஞ்ச நாளில் எங்கள் ஆட்கள் செய்த முதல் காரியம் பள்ளி வாரியத்தை உடைத்ததுதான். அதுவரை மலாக்கா டவுனைச் சுற்றியிருந்த எங்கள் தமிழ்ப் பள்ளிகள் ஒரே வாரியத்தின் கீழ் இருந்தன. காஜா பெராங்கில் பெரிய பள்ளி. செமாபோக், பத்து பெரெண்டாம், கிளேபாங்கில் அதன் கிளைகள். தலைவர் என் தாய்மாமா, புடவைக்கடை முதலாளி. பெரிய பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்வார்.

என் கணவர் செமாபோக்கில் பிறந்து வளர்ந்தவர், ரப்பர் ஆலையில் கணக்கெழுதும் கிராணி. கல்யாணத்துக்குப் பிறகு காஜா பெராங்கில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஆனாலும் அவர் மனசெல்லாம் செமாபோக்கில்தான். பெரிய பள்ளியில் கால் ஒடிந்த பெஞ்சு செமாபோக்குக்குப் போகும். குடித்துவிட்டு வகுப்புக்கு வரும் வாத்தியாரும் அங்கேதான் போவார். இதைச் சொல்லிச் சொல்லியே என் கணவர் வாரியத்தைப் பிரிக்க ஆள் சேர்த்தார். சொன்னதில் பொய் இல்லை. சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளி மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. ஊருக்கொரு வாரியம் வேண்டும் என்று என் கணவர் எழுந்து நின்று கேட்டார். மாமா உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"நேத்துத்தான் ரப்பர் தோட்டத்த விட்டு வந்தீங்க. உங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் தெரியுமா?"

"மாமா, புடவ அளக்குற கஜக்கோல வெச்சு எங்க பிள்ளைங்கள அளக்காதீங்க!"

மண்டபமே கத்தியது. பெண்கள் வரிசையில் இருந்த மாமி திரும்பி என்னை முறைத்தார். அந்தப் பேச்சை வீட்டில் நான்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன் என்று அவருக்கு நினைப்பு.

கல்வி இலாகா பிரிவினைக்குச் சம்மதித்தது. பெஞ்சு, மேசை போன்ற தளவாடங்களையும் பங்கு பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில், நான் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது, செமாபோக்கிலிருந்து லோரி வந்து நின்றது. மாமா என் வகுப்பு வாசலுக்கு ஓடிவந்தார்.

"பிள்ளைங்கள எழுந்திருக்க விடாதம்மா. ஆள் உக்காந்திருக்குற பெஞ்ச எப்படித் தூக்குறானுங்கன்னு பாக்குறேன்."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து என் கணவர், "பிள்ளைங்கள வெளிய அனுப்பு. இது எங்க பங்கு" என்றார்.

நான் பிள்ளைகளை எழுப்பி வெளியே கூட்டிப்போகத் தொடங்கினேன். அதற்குள் இரண்டு ஆட்கள் உள்ளே புகுந்து கடைசிப் பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள். ஓரத்தில் இருந்த சிறுமி சரிந்து விழுந்து, வாய் தரையில் அடிபட்டது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

"பாத்தியா, உன் புருஷன் லட்சணத்த!" என்றார் மாமா.

"உக்கார வெக்கச் சொன்னது யாரு?" என்றார் என் கணவர்.

இரண்டு பேரில் ஒருவரும் அந்தப் பிள்ளையைத் தூக்கக் குனியவில்லை. நான் தூக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் என் கிளாஸ விட்டு வெளிய போங்க!" என்று கத்தினேன். குழாயடியில் அவள் வாயைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது பாதிப் பெஞ்சுகள் போயிருந்தன. மிச்ச நாளெல்லாம் பாதிப் பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துதான் படித்தார்கள்.

பிறகு ஆசிரியர்களைப் பிரித்தார்கள். "உன் புருஷனுக்குத்தான் தனி வாரியம் இருக்கே, அங்க போ" என்று மாமா என்னைக் கழற்றிவிட்டார். செமாபோக் கூட்டத்தில் யாரோ, "அந்தத் தலைவரோட மருமக நமக்கு எதுக்கு?" என்று கேட்டாராம். புதிய தலைவரான என் கணவர் வாயைத் திறக்கவில்லை.

"சொந்தக்காரங்களுக்கு வேல குடுக்குறார்னுதானே உங்க மாமாவ ஏசினோம்? இப்ப நானே பொண்டாட்டிக்குக் குடுத்தா என்ன பேசுவாங்க?" என்று வீட்டில் வந்து கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த நியாயத்துக்கு என் வேலைதான் கிடைத்ததா என்று நான் கேட்டதற்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்று அவரை நான் வெறுத்த அளவுக்கு மாமாவைக்கூட வெறுக்கவில்லை.

கிளேபாங் பள்ளியைப் பங்கு கேட்டு யாரும் சண்டை போடவில்லை. அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை. அதற்குச் செயலாளராக வந்தவர் அங்கே மளிகைக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவர்; 'நானா' என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவரே வீடு தேடி வந்தார்.

"டீச்சர், மழ பெஞ்சா ஒழுகும். பிள்ளைங்கள ஒரு ஓரமா ஒதுக்கிக்கணும். வர்றீங்களா?"

"வர்றேன் நானா" என்றேன். என் கணவரைக் கேட்கவில்லை.

அவர் போனதும், "கிளேபாங் ரொம்ப தூரமாச்சே. பஸ்ஸு மாறிப் போவணுமே" என்றார் என் கணவர்.

"செமாபோக் பக்கத்துலதான் இருந்துச்சு" என்றேன்.

பிரிந்ததில் நன்மை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். செமாபோக்கில் நல்ல வாத்தியார்கள் வந்தார்கள். சில வருடங்களில் கல் கட்டடமும் எழுந்தது. மாமாவும் என் கணவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு, தலைவர் மனைவி முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று என் கணவர் என்னை அழைத்தார். அன்று கிளேபாங்கில் எனக்கு வகுப்பு இருந்தது. வழக்கம்போல பஸ் மாறிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தேன்.