மீசைகள் சிறுத்த ஆண்டு

என் அக்காவைக் கட்டிய மனிதருக்கு எங்கள் தெருவில் ரேடியோ என்று பெயர். சலூன் நடத்துகிறார். கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. எந்த வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள், எந்த அதிகாரிக்கு மாற்றல் வந்தது, எவருடைய கட்டுப்பல் எந்த விருந்தில் கழன்று விழுந்தது என்பதெல்லாம் காலையில் ஒரு தலையிலிருந்து இறங்கி மாலைக்குள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். முடி வெட்டுவது அவருக்குத் தொழில் என்பதைவிட, ஊர் வாயைக் கிண்டுவதற்கு ஒரு சாக்கு என்பதே பொருத்தம்.

அப்பேர்ப்பட்ட ரேடியோவுக்குக் காது போக ஆரம்பித்தது. முதலில் என்னைத்தான் குறை சொன்னார், நான் முணுமுணுக்கிறேன் என்று. பிறகு வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் எதிர் ஒர்க்‌ஷாப்பில் இரும்பை அடிக்கிற சுத்தியலும் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் என்னோடு டாக்டரிடம் வந்தார். நரம்பு பட்டுப்போய்விட்டதாம். கருவி மாட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் பெருகியதே தவிர பேச்சு தெளியவில்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது மச்சான்" என்றார். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது கேட்காமல் போனபோது, அவருக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்த புண்ணியவான் இவர்தான். சுவருக்கும் காது உண்டு என்பார்கள், இந்தச் சுவருக்கு அதுவும் இல்லையே என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அப்பா எதிரில் உட்கார்ந்தபடி, ஏதோ நல்லதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கூடவே சிரிப்பார். அக்கா ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. இப்போது யார் சுவர் என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், மனிதர் செத்தார்.

ஆகவே அத்தான் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதென்று முடிவெடுத்தார். முதலில் கடை டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிக்கிற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சரிவரவில்லை. வாடிக்கையாளர்கள் வேறு மாதிரி நினைத்ததுதான் மிச்சம். பிறகுதான் அந்த மூளையில் ஒரு வழி உதித்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வழி. தனக்குப் பதில் தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்பது. தபால்காரரின் மகளுக்கு ஆண் குழந்தை என்று நான் முன்கூட்டியே எழுதிக் காட்டிவிடுவேன். அவர் வந்து உட்கார்ந்ததும் அத்தான் கண்ணாடியைப் பார்த்தபடி, மகளுக்கு என்ன குழந்தை என்று விசாரிப்பார். விடை கையில் இருக்கிறது; வாய் அதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும் கற்க அவர் ஆசைப்படவில்லை. சோறு போடுகிற சொற்களை முதலில் பிடித்தார்: குட்டையாக, நடுத்தரமாக, காதோரம் எடு, தாடியை விடு. அடுத்து புலம்பல்கள். ஊரே சேர்ந்து நாலைந்து புலம்பலைத்தான் மாற்றி மாற்றிப் புலம்புகிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முழங்கால், மேலதிகாரி, மருமகன், வாடகை. ஆரம்பம் பிடிபட்டால் மிச்சத்தைத் தூங்கிக்கொண்டே சொல்லலாம்.

இடையூறுகளையும் ஒவ்வொன்றாக ஒழித்தார். டியூப்லைட்டைக் கழற்றிக் கண்ணாடிக்கு மேலே மாட்டினார், வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி. சூயிங்கம் மென்றுகொண்டு வருகிறவர்களைத் துப்பிவிட்டு வரச் சொன்னார். மீசைதான் பெரிய எதிரி. மேலுதட்டை மூடிக்கொண்டு தொங்குகிற மீசைக்குப் பின்னால் ஒருவன் என்ன சொல்கிறான் என்று யாருக்குத் தெரியும்? இப்போதெல்லாம் சின்ன மீசைதான் சார் எடுப்பாக இருக்கிறது என்று அளந்துவிட்டு, கேட்டும் கேட்காமலும் கத்தரியை வைத்துவிடுவார். அந்த ஆண்டு எங்கள் தெருவில் மீசைகள் எல்லாம் சிறுத்துப்போயின. ஓய்வு பெற்ற காவலர் ஒருவர், தன் மீசையைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவே கூச்சப்பட்டுக் கடையிலேயே வெகுநேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் நான் பரீட்சை வைப்பேன். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயசைக்க வேண்டும். கிடைத்த வாய்ப்பை விடுவேனா? அவர் கஞ்சத்தனம், பீற்றல், எனக்குத் துருப்பிடித்த கத்தரியைத் தள்ளிவிட்டது என்று பல வருஷப் பாக்கியைத் தீர்த்துக்கொண்டேன். ஒன்று விடாமல் பிடித்தார். கடைசியில், கத்தரி துருப்பிடித்தது என் சோம்பேறித்தனத்தால் என்று திருப்பியும் கொடுத்தார். ஆள் தேறிவிட்டார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் அந்த வித்தை கடைக்குள் மட்டும்தான் பலித்தது. கழுத்தில் துணி கட்டி, அசையாமல், வெளிச்சத்தில், கண்ணாடிக்குள் இருக்கிற முகம் வேண்டும். தெருவில் இறங்கினால் மனிதர் பழையபடி விழிப்பார். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அக்கா எதைப் பேசினாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவாள். இவர் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, குத்துமதிப்பாக "ம்" போட்டுக்கொண்டிருப்பார். சொல்லிவிடுங்கள் அத்தான் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அதுதான் செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒரு நாள் அக்கா கையில் ஒரு பையோடு கடை வாசலில் வந்து நின்றாள். அத்தான் ஒரு தலையில் மும்முரமாக இருந்தார். அவள் அவர் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் நம்ம பெரிய பொண்ணு வீட்டுக்குப் போறேன். கழுத்துல இருக்கற கட்டிய அங்கயே எடுத்துக்கறேன். பயமா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னேன். ம், நல்லதுதான்னு சொல்லிட்டுத் தண்ணி கேட்டீங்க. இனிமே உங்ககிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

கட்டி விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். அத்தானின் கத்தரி நின்றது. கண்ணாடியில் அவள் முகம் முழுதாக, வெளிச்சத்தில் இருந்தது. அவர் திரும்பவில்லை.

"என்ன கட்டி?" என்றார். "எப்ப சொன்ன?"

அக்காவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பைக்குள் குனிந்து டாக்டர் சீட்டைத் தேடிக்கொண்டே எந்த நாள், எந்த வேளை என்று அடுக்கினாள். அத்தான் இப்போது திரும்பி அவளை நேராகப் பார்த்தார். குனிந்த தலை என்ன சொல்கிறது என்று புரியாமல், அசட்டுச் சிரிப்போடு ஒரு "ம்" போட்டார்.

அக்கா நிமிர்ந்தாள். அந்தச் சிரிப்பை அப்பா முகத்தில், சாப்பாட்டு மேசையில் எத்தனை வருஷம் பார்த்தவள் அவள். பிறகு வேண்டுமென்றே தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள்.

"நீங்களும் சுவராப் போயிட்டீங்களா?"

என் காதில் விழுந்தது. நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவர் காதிலும் விழுந்தது. அத்தான் எதற்கு நடுங்கி அத்தனை மீசைகளைப் பலி கொடுத்தாரோ அந்த வாக்கியம் கடைக்குள் வந்துவிட்டுப் போனது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அடுத்த "ம்"மைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இன்று வரைக்கும் நான் அதை அவரிடம் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். காலியாக இருந்த என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். டாக்டர் சொன்னது, இராத்திரி தூக்கம் வராதது, இவர் மேல் வந்த ஆத்திரம். பாதித் தலைக்காரர் தானே துணியை அவிழ்த்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அத்தான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதார். நான் தரையைக் கூட்டினேன், கூட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஆபரேஷன் இங்கேயே நடந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான். ஆனால் குரல் நரம்பு வீங்கியிருக்கிறது, குரல் திரும்பும்வரை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பேசாமல் இருப்பதாவது! சத்தம் வராத வாயால் பேசிக்கொண்டே இருந்தாள். பார்க்க வந்த பெரிய மகளுக்குப் புரியவில்லை, நர்ஸுக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. வீட்டிலேயே காது கேட்காத ஒரே ஆள்தான், தலையணையை உயர்த்தச் சொல்கிறாள், உன்னை அதிகமாகத் தின்னாதே என்கிறாள் என்று எங்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். ரேடியோ மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டது.

கடையில் ஓரம் உடைந்த பழைய கண்ணாடி ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டினார். குரல் முழுதாகத் திரும்பிய பிறகும் அது அங்கேயே இருக்கிறது. அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே திட்டுகிறாள். அத்தான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் சொல்லி இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். குத்துமதிப்பு "ம்" இப்போது செல்லாது.

உலை கொதிக்கும்போது ஆவி படிந்து கண்ணாடி மங்கிவிடும். அப்போது அக்கா திட்டுவதைப் பாதியில் நிறுத்துவாள். கைத்துணியால் கண்ணாடியை நன்றாகத் துடைப்பாள். அவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.