அலுமாரிக்குள் பந்து

காலை 8.10. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு பாடசாலைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பந்தல். மைதானத்தின் நடு வட்டத்துக்குள் குழி தோண்டிக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். விருந்தினர் வெயிலில் நிற்கக் கூடாதாம்.

விருந்தினர் யார்? யப்பானின் முன்னாள் உதைபந்தாட்ட வீராங்கனை. ஓய்வு பெற்றுப் பல வருடங்கள்... ஆனாலும் அவர் போட்ட கோல்கள் நம் பிள்ளைகளின் போன்களில் இன்னும் ஓடுகின்றன. வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்குக்கூட அவருடைய ஜேர்சி இலக்கம் தெரிந்திருந்தது.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் செபமாலை. கடற்றொழிலாளி. மகள் ஜெனிற்றா பாடசாலை அணியின் கோல் காப்பாளர். கொழும்பில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அவள் போகத் தகப்பனின் கையெழுத்து வேண்டும். பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று மாதக்கணக்கில் மறுத்தவர் அவர். ஒருதரம் வந்து பாருங்கோ, பிறகு சொல்லுங்கோ என்று மகள் கெஞ்சியதால் அன்று கடலுக்குப் போகவில்லை. வீராங்கனையோடு பிள்ளைகள் இருபது நிமிடம் விளையாடுவார்கள் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருந்தது.

பிள்ளைகளோ வாசலில், சீலை உடுத்தி, பூ வைத்து, இரண்டு வரிசையாக. ஜெனிற்றாவின் கையில் பூத்தட்டு. வரவேற்புக்கு உயரமான பிள்ளைகள்தான் வேண்டுமாம். உயரமான பிள்ளைகள் எல்லாரும் அணியில்தானே இருக்கிறார்கள்?

மங்கள விளக்கு. மாலை. பொன்னாடை – ஒன்றல்ல, ஆறு. ஏழு பேர் பேசினார்கள். பெண்பிள்ளைகள் இவரைப் போல முன்னுக்கு வர வேண்டும் என்று ஏழு பேரும் சொன்னார்கள். ஏழு பேரும் ஆண்கள். பிறகு செல்ஃபி வரிசை.

கடைசியில் அந்த அம்மா மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார், கோல் காப்பாளர் எந்தப் பிள்ளை என்று. மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. விளையாட்டு ரீச்சர் கீழே இருந்து ஜெனிற்றாவைக் காட்டினார். வீராங்கனை அவள் கையிலிருந்த பூத்தட்டைப் பார்த்தார். பிறகு மாலைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பந்து கேட்டார்.

ஏற்பாட்டாளர் கையைப் பிசைந்தார். "பந்து அலுமாரிக்குள்ள பத்திரமா பூட்டி இருக்கு. பூட்டுத் திறப்பு வைச்சிருக்கிறவர் சோடா வாங்கப் போயிட்டார்."

பந்தால் பெயர் எடுத்த ஒருவரைக் கூப்பிட்டுவிட்டுப் பந்தைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் மரியாதையா? அவரைப் போல வரச் சொல்லிவிட்டு, அப்படி வரக்கூடிய பிள்ளையின் கையில் தட்டைக் கொடுப்பதற்கு? விளையாட்டை அல்ல, விளையாடியவரின் பக்கத்தில் நிற்பதைத்தான் கொண்டாடுகிறோம்.

கிளிநொச்சியில் அடுத்த கூட்டம் காத்திருக்கிறதாம். பத்து நிமிடத்தில் அவரை ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டது. திறப்போடு போனவர் இன்னும் வரவில்லை.

செபமாலை எழுந்தார். மகளை இன்னொருநாள் வந்து பாருங்கோ, நல்லா விளையாடுவாள் என்றேன்.

"அந்த அம்மா வாய் விட்டுக் கேட்டவா, தம்பி. அவாக்கே பந்து குடுக்கேல்லை. என்ரை பிள்ளைக்கோ குடுக்கப் போகினம்?"

வெள்ளிக்கிழமை காலை முகாமுக்கான பஸ் புறப்பட்டது. ஜெனிற்றா அதில் போகவில்லை.