செண்பகம் அக்காவும் என் பச்சைக் கோடும்

அடையாறில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் செண்பகம் அக்கா இன்றைக்கும் ஊசி பிடிக்கிறார். அது என் புண்ணியத்தால் அல்ல. என்னால் ஒன்பது நாள் அந்த ஊசி அவர் கையை விட்டுப் போயிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதவே கூசுகிறது.

மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் பிறந்தவர் அவர். சில வருஷம் முன்பு குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் போனார். நிலையத்தில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தார். சாயங்கால வகுப்பில் படித்து ரத்தம் எடுக்கும் வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காத்திருக்கக் கூடாது என்று விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். கையை நீட்டியவரிடம் பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரம் மீன் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டே முழங்கை மடிப்பை விரலால் தடவுவார். கை நீட்டியவர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். நரம்பே அகப்படாத கைகளையெல்லாம் இவரிடம்தான் அனுப்புவார்கள்.

நான் முத்துகிருஷ்ணன், அசோக் நகர்க்காரன். அந்த நிலையத்தின் பரிசோதனை இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். எதையாவது திறந்து மாற்றிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன வருஷம் உள்ளங்கை அளவில் ஒரு புரொஜெக்டர் கிட் வரவழைத்தேன். மூடி கிடையாது. வெறும் போர்டு, ஒரு லென்ஸ், ஒரு குட்டி விசிறி, அவ்வளவுதான். நாமே கம்ப்யூட்டரில் இணைத்து, வேண்டியபடி மாற்றிக்கொள்ள வேண்டியது. அதன் பக்கத்தில் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் கேமரா ஒன்றைப் பொருத்தினேன். தோலுக்கு அடியில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று கேமரா பார்க்கும். புரொஜெக்டர் அதே இடத்தில் கையின் மேல் பச்சைக் கோடு போடும்.

சுவரில் படம் காட்டுவதற்கான லென்ஸ் என்பதால் ஒரு சாண் தூரத்தில் எல்லாம் மங்கியது. லென்ஸுக்கு அடியில் மெல்லிய வாஷர் வைத்து முன்னே தள்ளினேன். வாஷரைத் தொட்டால் கோடு இடம் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் தாளில் புள்ளிகளை விழவைத்து, கேமராவோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை.

நிலையத்தை நடத்தும் டாக்டர் வஜீஹா அதைப் பார்க்க ஒப்புக்கொண்டார். காட்ட வேண்டிய நாள் காலையில் கோடு லேசாக மங்கியிருந்தது. இன்னொரு வாஷரைச் சொருகினேன். பளிச்சென்று ஆகிவிட்டது. டாக்டர் வந்துவிட்டார், எனக்கோ மெப்பு காட்டும் அவசரம். சரிபார்க்கவில்லை.

நோயாளிகள் அப்புறம், முதலில் என் கையில் பார்க்கலாம் என்று டாக்டரே கையை நீட்டினார். செண்பகம் அக்கா விரலை வைத்துப் பார்த்தார். ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கோடு காட்டிய இடத்தில் குத்தினார். ரத்தம் வரவில்லை. குத்திய இடம் நீலமாக வீங்கியது.

வெளிச்சம் போட்டுக் காட்டியே தவறுகிறதென்றால் கண்ணில்தான் கோளாறு, பரிசோதித்துக்கொண்டு வரும்வரை ஊசியைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோடு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. போர்டைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் நழுவினேன். இவ்வளவு கேவலமானவனா நான் என்று வீடு வரை கேட்டுக்கொண்டே போனேன். போனேனே தவிர, திரும்பவில்லை.

ஒன்பதாம் நாள் வேறு ஒரு இயந்திரம் பழுதென்று அங்கிருந்து கூப்பிட்டார்கள். செண்பகம் அக்கா வரவேற்பு மேசையில் குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கண் ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்று, பார்வையில் குறையில்லை என்று எழுதி வாங்கி வந்திருந்தாராம். அப்படியானால் கைதான் நடுங்குகிறது, இனி அவருக்கு மேசை வேலைதான் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டாராம். இயந்திரத்தைக் காட்ட வந்த பணியாளர்தான் இதைச் சொன்னார். நேராக மேசைக்குப் போனேன்.

"அக்கா, அன்னிக்கு தப்பு உங்க மேல இல்ல. என் மெஷின்லதான்."

"தெர்யும் நைனா." சீட்டு ஒட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "வெரல வெச்சப்பவே தெரிஞ்சிச்சு. நரம்பு இங்க கீது, உன் லைட்டு அங்க கீது."

தெரிந்தும் ஏன் அங்கே குத்தினீர்கள் என்று கேட்டேன்.

"உன் மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ ஆசையா நின்னுக்கினு இருந்த. டாக்டரம்மா எதிர்ல உன்ன எப்டி அசிங்கப்படுத்துறது? ஒரு குத்து தப்புனா நீயே சொல்லிடுவன்னு நென்ச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அடுத்த குழாயை எடுத்து, பெயரைப் படித்து, சீட்டை ஒட்டினார்.

டாக்டரின் அறை நாலு எட்டு தூரம்தான். போய் நின்றேன். உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. இரண்டு தரம் கையைத் தூக்கி இரண்டு தரமும் இறக்கினேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செண்பகம் அக்கா எழுந்து வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, எனக்காகக் கதவைத் தட்டினார்.