இடியக்காவின் காது

என் அக்காவின் உடம்பில் கொழுப்பு என்று ஏதாவது இருந்தால் அது வாயில் மட்டும்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல் கடையின் மாடியில் ஒரு ஹால் பிடித்து, பாட்டுப் போட்டு உடற்பயிற்சி வகுப்பு நடத்தி, வருடக்கணக்காக ஊராரின் தொப்பையைக் கரைத்துக்கொண்டிருக்கிறாள். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நின்று, "தூக்கு! இன்னும் தூக்கு!" என்று கத்துவாள். கீழே டெய்லரின் மேஜையில் கத்தரிக்கோல் ஆடும். ஊர் அவளுக்கு இடியக்கா என்று பெயர் வைத்தது. அவளுக்கு அதில் பெருமை வேறு.

அவள் சத்தம் வைக்கும் முறைதான் வினை. "எனக்கு எடுப்பா கேக்கணும். அதுதான் அளவு" என்பாள். காது மங்க மங்கப் பாட்டு ஏறிக்கொண்டே போனது. வீட்டில் அவள் மகள் எதையாவது சொல்லிப் பார்ப்பாள், திரும்பவும் சொல்வாள், கடைசியில் "ஒண்ணுமில்லம்மா, விடு" என்று எழுந்து போய்விடுவாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்காவைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "போனது போனதுதான். இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க. சத்தத்தைக் குறைங்க" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்குதான், வேறென்ன?

"அந்த டாக்டர் தொப்பையைப் பாத்தியாடா?" என்றாள் வெளியே வந்ததும். "சத்தம் குறைஞ்சா ஒருத்தனும் காலைத் தூக்க மாட்டான். கூட்டமே கலைஞ்சிடும்."

கூட்டத்தின் லட்சணம் வாசலில் மேஜை போட்டுக் காசு வாங்கும் எனக்கல்லவா தெரியும்! உள்ளே போகுமுன் ஒருவருக்கொருவர் பஞ்சைக் கிள்ளிக் கொடுத்துக் காதில் திணித்துக்கொள்வார்கள். மேலே தலைப்பட்டையை இழுத்து மறைப்பார்கள். சொன்னால் அக்கா மனசு நோகுமாம், என் வாயையும் அடைத்துவிட்டார்கள். பஞ்சடைத்தவனுக்குத் தாளம் எப்படிப் பிடிபடும்? அவர்கள் தப்பாக ஆட, பாட்டு பத்தவில்லை என்று இவள் ஏற்ற, அவர்கள் இன்னும் கொஞ்சம் பஞ்சு திணிக்க, இரண்டு பக்கமும் பைத்தியம்தான்.

ஒருநாள் பாதி வகுப்பில் கரண்ட் போனது. அக்கா விடுவாளா? "நிறுத்தாதீங்க! கைத்தட்டலைக் கேட்டு ஆடுங்க!" என்று தட்ட ஆரம்பித்தாள். அது கேட்கவேண்டுமே என்று ஒவ்வொருவராகப் பஞ்சை உருவிப் போட்டார்கள். தரையெல்லாம் வெள்ளை உருண்டை. அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு ஒன்றைக் குனிந்து எடுத்தாள்.

"என்ன இது?"

முன்வரிசையில் ஆடிய மளிகைக்கடைக்காரர் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். "தாங்கலைக்கா."

அக்கா முகம் செத்துவிட்டது. அந்தக் கோபத்தை என்மேல் திருப்பினாள். "நீ என்னடா பாத்துட்டு நிக்கிறே? முதல்ல அந்த ஸ்பீக்கரை அணை. கொய்ங்னு கத்துது."

"அக்கா, கரண்டே இல்லக்கா."

நம்பாமல் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கவே இல்லை. தெருவில் போன சைக்கிள் மணிகூட எங்களுக்குக் கேட்டது.

மறுநாள், "இனிமே வால்யூமை நீயே வைடா. என் காதை நம்பாதே" என்றாள். பக்கத்தில் நிற்பவர் பேசினால் கேட்கும் அளவுக்கு வைத்தேன். எல்லோரும் வந்தார்கள், காலையும் தூக்கினார்கள். வகுப்பு முடிந்து பாட்டை நிறுத்தியதும் அக்கா என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"எல்லாம் சரிடா. இந்தக் கொய்ங்கை எங்கேடா குறைக்கிறது?"