ஆணியில் நாற்பத்து நான்கு வளையங்கள்

ஃபில்டர் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது கலப்படக்காரி என்றுதான் நினைத்தேன்.

பால் குளிரூட்டு நிலையத்தில் தரப் பரிசோதகனாகச் சேர்ந்து நான்காவது நாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சட்டைப்பையில் குத்தியிருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்தாலே அது ஊருக்குத் தெரியும். கேன்களை இறக்கும் மேடைக்குப் பின்னால் ஒரு பழைய வெள்ளை பிக்கப் வண்டி நின்றிருந்தது. அதன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கண்ணாடி பாட்டிலில் மஞ்சளாக எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த பாட்டிலை வானத்தை நோக்கித் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பத்தடி தள்ளிப் பால் கேன்கள். பாடப் புத்தகத்தில் படித்த அத்தனை கலப்படங்களும் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. ஓடினேன்.

“என்னம்மா அது? பால்ல என்ன கலக்குறீங்க?”

அவர் பதறவே இல்லை. பாட்டிலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“நீங்களே மோந்து பாருங்க சார்.”

மோந்து பார்த்தேன். டீசல்.

“புது சார் டீசல்ல கொழுப்பு எத்தனை சதவீதம்னு பாக்கப் போறாருடோய்!” என்று மேடையிலிருந்து ஒருவர் கத்தினார். கேன் தூக்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல் பாட்டிலை மறுபடி தூக்கிக் காட்டினார். மஞ்சளுக்கு அடியில் விரல் நக அளவுக்குத் தெளிவாக ஒரு படலம் நின்றது.

“இது தண்ணி சார். டீசல்ல எங்கிருந்தாவது வந்து சேர்ந்துடும். ஃபில்டர் அடியில தங்கும். வாரா வாரம் திறந்து விட்டுடணும். விடலைன்னா பம்புக்குப் போகும். பம்பு போச்சுன்னா எல்லாம் போச்சு.” பிறகு, போனால் போகிறதென்று, “பால்ல நீங்க தண்ணி தேடுறீங்க, டீசல்ல நான் தேடுறேன். ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்தான்” என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி. அவர் எனக்கு அக்கா. மற்ற ஓட்டுநர்களுக்கு அவர் ஃபில்டர். “ஃபில்டர் வந்தாச்சு, டீயை அவங்க கையில குடுங்க, வடிகட்டித் தருவாங்க” என்பார்கள். “உங்க வாயை வடிகட்டத்தான் இன்னும் ஒண்ணும் கிடைக்கலை” என்று அவரும் விட மாட்டார்.

அந்த வண்டிக்கு அவர் ஓட்டுநராக வந்தவரல்ல. ஆறு வருடம் அதே வண்டியின் பின்னால் நின்று கேன் தூக்கியவர். அப்போது வண்டி வேறொருவருடையது. மாதம் இரண்டு முறையாவது அது வழியில் நிற்கும், பால் திரியும். முதலாளி எஞ்சினைத் திட்டுவார், பேட்டரியைத் திட்டுவார், கேன் தூக்குகிறவளைத் திட்டுவார். கடைசியில் டீசல் பம்பே பழுதாகி, வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாம் என்று அவர் முடிவெடுத்தபோது, அக்காவும் அவர் கணவரும் அதை வாங்கிக்கொண்டார்கள். பம்பைச் சரி செய்த பட்டறைக்காரர், கழற்றிப் போட்ட ஃபில்டரை ஓரமாக எறிந்தார். அக்கா அதை வீட்டுக்கு எடுத்துப் போய் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்.

“உள்ள காகிதம் மடிப்பு மடிப்பா இருக்கும் தம்பி. அது பூராவும் சேறு. குளம் வத்தினா அடியில இருக்குமே, அந்த மாதிரி. இந்த வழியா மூச்சு விட்டுக்கிட்டா இத்தனை நாள் அது நம்மளை இழுத்துச்சுன்னு அழுகையே வந்துடுச்சு.”

எட்டு வயது வண்டியை அப்படி வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் ஃபில்டர் மாற்றுவார். எல்லாம் தன் கையால்தான். கணவர் தையற்காரர், வாசலறையில் அவருடைய தையல் இயந்திரம், பக்கத்திலேயே வண்டிச் சாமான் அலமாரி. துடைக்கிற துணிகூட அவர்தான் பொறுக்கித் தருவார், நூல் உதிராத துணியாக. ஒரு நூலிழை உள்ளே போனாலும் அக்கா அவரைச் சும்மா விட மாட்டார். ஃபில்டரைச் சுற்றிப் பிடித்துத் திருகக் கித்தானில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். “அதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு ஃபில்டர். என் மூக்குக் கண்ணாடி மாத்தி ஆறு வருஷம் ஆச்சு. நான் வண்டியாப் பொறந்திருக்கலாம்” என்று என்னிடம் புலம்புவார், அக்காவின் காதில் விழும்படியாக.

அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு நீள ஆணி. அதுதான் அக்காவின் கல்வெட்டு. ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். காற்று புகாமல் அடைப்பதற்கு. புது ஃபில்டரோடு புது வளையம் வரும். பழைய வளையத்தைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிய பிறகுதான் புது ஃபில்டரைக் கையில் எடுப்பார். புது ஃபில்டரின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் அது எத்தனையாவது என்று எண் எழுதுவார். எண்ணும் ஆணியும் எப்போதும் ஒத்துப்போகும். பதினொரு வருடமாக ஒத்துப்போனது.

நான் சேர்ந்த வருடக் கடைசியில் எங்கள் மேலாளர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இனிப் பால் எடுத்து வரும் தடம் கிடையாது. அக்காவின் வண்டிக்குப் பத்தொன்பது. அந்தத் தடம் போனால் வண்டிக்கு வேறு வேலை இல்லை. பழைய இரும்புக் கடைதான். அக்காவுக்கு மறுபடி யாரோ ஒருவருடைய வண்டியின் பின்னால் நின்று கேன் தூக்கும் வேலை.

அவர் நேரே மேலாளர் அறைக்குள் போனார்.

“என் வண்டி எத்தனை நாள் நேரந்தவறி வந்திருக்குன்னு பாத்துட்டு அப்புறம் வயசைக் கேளுங்க சார்.”

மேலாளர் கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். “முப்பது நாள் தர்றேன்மா. தினமும் எட்டரைக்குள்ள கேட்டைத் தாண்டணும். ஒரு நாள் தவறினாலும் தடம் புது வண்டிக்கு. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“நிக்க மாட்டேன் சார். நானும் நிக்க மாட்டேன், வண்டியும் நிக்காது.”

வருகை நேரத்தை எழுதும் வேலை எனக்கு. எட்டு இருபது, எட்டு பதினெட்டு, எட்டு இருபத்தொன்று. இருபத்தொன்பது நாளும் அப்படித்தான்.

இருபத்தொன்பதாம் நாள் பிற்பகல், பதிவேட்டுக்காக வண்டியைப் புகைப்படம் எடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். பானெட் திறந்திருந்தது. ஃபில்டர் மாற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் நாளை கடைசி நாளாயிற்றே என்று மனசு கேட்காமல் முன்கூட்டியே மாற்றிக்கொண்டிருந்தார். பழையது கீழே கிடந்தது. நான் போய், “அக்கா, இப்படி வண்டி பக்கத்துல நில்லுங்க, சிரிங்க” என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ஆனால் சிரிக்கவில்லை. “வண்டியை எடுங்க தம்பி, அது சிரிச்ச முகமாத்தான் இருக்கு” என்றார். படம் எடுத்து, கொஞ்சம் பேசிவிட்டு வந்தேன். நான் கிளம்பும்போது அவர் நாற்பத்து நான்காவது ஃபில்டரைத் திருகி முடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பால் சேகரிக்கும் இடங்களிலேயே மாதிரி எடுக்கச் சொல்லி மேலாளர் என்னை அக்காவின் வண்டியில் அனுப்பினார். மாதிரி எடுக்க நேரம் பிடிக்கும் என்று சீக்கிரமே கிளம்பி, பன்னிரண்டு இடங்களிலும் எடுத்தாயிற்று. பின்னால் முப்பத்தாறு கேன். ஏழு ஐம்பதுக்கு ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒன்பது கிலோமீட்டர். வண்டி ஒரு முறை இருமியது. அக்கா பேச்சை நிறுத்தினார். இன்னொரு இருமல், இழுவை விட்டுப் போய் எஞ்சின் அணைந்தது.

கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். மறுபடி கிளப்பினார். கிளம்பியது, அரை நிமிடம் ஓடி, செத்தது. பானெட்டைத் திறந்து, ஃபில்டரின் தலையில் இருக்கும் சின்னக் கைப்பம்பை அமுக்கிப் பார்த்தார்.

“மெத்துன்னு இருக்கு. டீசலோட காத்து போகுது.”

“எங்கேயும் ஒழுகலையே அக்கா?”

“இந்தப் பக்கம் ஒழுகாது. எஞ்சின் உறிஞ்சுற பக்கம் இது. ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும்.” குழாய் வழியாக விரலை ஓட்டினார். “கிளிப்பு ஏழு இருக்கு. குழாய் நாலு துண்டு. ஒவ்வொண்ணாப் பாத்தா பத்து மணி ஆகும்.”

மணி ஏழு ஐம்பத்தைந்து. அவர் ஃபில்டரின் மேலிருந்த மஞ்சள் எண்ணையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

“என்னங்க, ஆணிகிட்ட போங்க. வளையம் எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க.”

“காலங்காத்தால கணக்குப் பரீட்சை வைக்கிறியா? இங்க ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைக்கணும்—”

“வண்டி நின்னுடுச்சு.”

தடதடத்துக்கொண்டிருந்த தையல் இயந்திரம் சட்டென்று ஓய்ந்தது எனக்கே கேட்டது. பிறகு அவர் எண்ணும் குரல். ஒண்ணு, ரெண்டு. இருபதைத் தாண்டியதும், “இரு, ரெண்டு ஒட்டிக்கிச்சு.” எண்ணி முடித்தார்.

“நாப்பத்தி மூணு.”

“கண்ணாடி போட்டுக்கிட்டு எண்ணினீங்களா?”

“போட்டுக்கிட்டுத்தான். போட்டாத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இரு, கழட்டிட்டு எண்ணுறேன்.”

இந்த முறை ஒவ்வொரு வளையமாகக் கழற்றி மேசையில் வைத்து எண்ணினார். மேசையில் விழும் சத்தம் ஒவ்வொன்றும் கேட்டது. அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு வருடம்.

“நாப்பத்தி மூணேதான்.”

“சரி, வைங்க.” போனை மடியில் செருகிக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தார். “நாப்பத்தி நாலாவது இங்கயே இருக்கு தம்பி.”

கித்தான் பட்டையைப் போட்டு ஃபில்டரைத் திருகி இறக்கினார். அண்ணாந்து பார்த்தோம். மேலே, ஃபில்டர் வந்து உட்காரும் இடத்தில், பழைய வளையம் ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றாமலே அதன் மேல் புது வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில்தான் காற்று புகுந்திருக்கிறது. வழக்கமாகப் பழையதைப் பிய்த்து ஆணியில் மாட்டப் போகும் நேரத்தில்தான் நான் போய்ச் சிரிங்க என்றிருந்தேன். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள், “வேலைக்கு நடுவுல நிமிர்ந்தது நான். நீங்க பம்பை அமுக்குங்க” என்றார்.

நகத்தால் பிய்த்தெடுத்த வளையத்தை, கீழே வைத்தால் தொலைந்துவிடும் என்று வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டுக்கொண்டார். துணியால் ஒற்றித் துடைத்தார். விரலில் டீசலைத் தொட்டுப் புது வளையத்தில் தடவி, ஃபில்டரைக் கையாலேயே திருகி இறுக்கினார். நான் பம்பை அமுக்க அமுக்க, அவர் காற்றை வெளியேற்றும் திருகை இளக்கிப் பிடித்தார். முதலில் வெறும் நுரை. பிறகு குமிழி. என் கட்டைவிரல் மரத்துப்போன பிறகு, குமிழி இல்லாமல் சுத்தமாக டீசல் வந்தது. திருகை முடுக்கினார். பம்பு கல் மாதிரி இறுகியது. சாவியைத் திருப்பினார்.

எட்டு பத்து. வண்டி ஏற்றத்தை ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது.

“கொஞ்சம் வேகமாப் போகலாமே அக்கா.”

“குலுக்கினா பால் போய் வெண்ணெய்தான் கொண்டு போகணும். பேசாம உக்காருங்க.”

கேட்டைத் தாண்டும்போது எட்டு இருபத்தாறு. நான் நிம்மதியாக நேரத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

“குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை ஏன் சும்மா விட்டீங்க?”

“நேரத்துக்கு வந்துட்டோமே அக்கா. எதுக்கு வம்பு?”

“வழியில பத்துப் பேர் பாத்திருப்பாங்க. நாளைக்குப் பழைய வண்டி ஏற்றத்துல நின்னுச்சுன்னுதான் பேச்சு வரும். வண்டி மேல தப்பு இல்ல. டிரைவர் பழைய வளையத்தை எடுக்காம விட்டதால நின்னுச்சுன்னு எழுதுங்க. நல்லாப் புரியிற மாதிரி எழுதுங்க, படிச்சவங்க எழுத்து எனக்கே பல நேரம் புரியறதில்ல.”

எழுதினேன். நான் படித்து வாங்கிய எழுத்தால் அதுவரை எழுதியதிலேயே நேர்மையான வரி அது.

மேலாளர் அதைப் படித்துவிட்டு அக்காவை அழைத்தார். எந்த வளையம் என்று கேட்டார். அக்கா கையை நீட்டினார். அது இன்னும் மணிக்கட்டிலேயே இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அக்கா ஆணியைப் பற்றிச் சொன்னார். மேலாளர் பதிவேட்டை மூடி வைத்தார்.

“பதினாலு வருஷமா டிரைவர்களோட மல்லுக்கட்டறேன்மா. எது நின்னாலும் வண்டி சரியில்ல, ரோடு சரியில்ல, டீசல் சரியில்ல. என் தப்புன்னு எழுத்துல குடுத்த முதல் ஆள் நீங்க.” என் பக்கம் திரும்பினார். “அறிவிப்புல வயசுங்கிறதை அடிச்சுட்டுப் பராமரிப்புன்னு போடுங்க தம்பி. புது வண்டிக்காரங்களையும் வீட்டுல ஆளுக்கு ஓர் ஆணி அடிக்கச் சொல்லுங்க.”

அக்கா வெளியே வந்து வண்டியின் பானெட்டில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான் கொண்டாட்டம். பிறகு வீட்டுக்குப் போய் வளையத்தை மாட்டி, கணவரைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வண்டிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அக்கா அதே தடத்தில் ஓட்டுகிறார்; இன்று காலை எட்டு பத்தொன்பதுக்கு வந்தார். ஆணியில் ஐம்பத்தாறு வளையங்கள் இருக்கின்றன.