கடல் தள்ளிக் கொடுத்த சாதனை

எங்கள் ஊர் நீச்சல் சங்கத்தின் தலைவருக்கு நீந்தத் தெரியாது. மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். முழங்கால் நனைந்தால் சளி பிடிக்கும் என்பார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தச் சங்கத்துக்கு நான் சர்க்கரை. காஜா பெராங்கில் வளர்ந்தவன், பள்ளி விட்டதும் கடலுக்கு ஓடி, மீனவர்களைப் பார்த்து நீந்தக் கற்றவன். ஊர்ப் போட்டிகளில் நாலைந்து பேரை ஜெயித்திருந்தேன். அவர்கள் நீந்தியதைவிடக் குடித்த தண்ணீர்தான் அதிகம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டில் அதைக் கொண்டாடக் கடலில் நானூற்று நாற்பது கெஜப் போட்டி வைத்தார்கள். கரையை ஒட்டிக் கயிறு பிடித்து அளந்து, இரண்டு முனையிலும் பீப்பாய் மிதக்கவிட்டார்கள். தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கும் நேரத்தை மீனவர் ஒருவரிடம் கேட்டு, காலை ஒன்பது மணி என்று குறித்தார்கள். அந்தச் சங்கம் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. அதையும் தலைவர் கெடுத்தார். யாரோ ஒரு பிரமுகர் வரவேண்டுமாம். கையில் மாலையோடு தலைவர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஆறு பேர் அரைக்கால் சட்டையோடு வெயிலில் காய்ந்தோம். பிரமுகர் வந்து, பேசி, பேசி, பேசி முடித்தபோது மணி பதினொன்று. அதற்குள் நீரோட்டம் திரும்பி, நாங்கள் போகவேண்டிய திசையிலேயே இழுத்துக்கொண்டிருந்தது.

குதித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையைச் சும்மா வைத்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆறு பேரையும் ஓட்டம் ஒன்றாகத்தான் தள்ளியது. ஆகவே நான் முதலில் வந்ததில் மோசடி இல்லை. நேரம்தான் பொய். ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் அதைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "இது சுதந்திரம் கொடுத்த வேகம்!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. எங்கள் பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி ஒருவர் மட்டும் தட்டவில்லை. தமிழ் வம்சம்தான், ஆனால் பல தலைமுறையாக மலாய் பேசும் கூட்டம்; அவருக்குத் தமிழ் வராது. "இன்று ஜெயித்தது தண்ணீர்தான்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று கரையில் நின்ற ஒரே மனிதர் அவர்தான். மற்றதெல்லாம் தலையாட்டி பொம்மைகள். நானும் கழுத்தில் மாலையோடு, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் மாதிரி நின்றேன்.

பத்திரிகையில் மாநிலச் சாதனை என்று போட்டார்கள். அந்தத் துண்டைக் காட்டித்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் எனக்கு நீச்சல் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. கல்லூரிக்குக் குளம் கிடையாது. வெள்ளைக்காரர்கள் கிளம்பிப்போன கிளப் ஒன்றில் வாரம் இரண்டு நாள் குளத்தைக் கொடுத்தார்கள். சுவர் வைத்த தண்ணீரில் நான் அதுவரை இறங்கியதே இல்லை. முதல் நாளே திரும்பத் தெரியாமல் தலையை இடித்துக்கொண்டேன். புத்தகம் வாங்கிப் படித்து, மாணவர்களைவிட ஒரு பக்கம் முன்னால் இருந்தபடியே பாடம் நடத்தினேன். ஒருநாள் காலை யாரும் இல்லாதபோது, ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு அதே தூரத்தை முழு மூச்சோடு நீந்திப் பார்த்தேன். சாதனை நேரத்தைவிட ஏறக்குறைய ஒரு நிமிஷம் கூடுதல். முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

தலைவர் கல்லூரி விளையாட்டுக் குழுவுக்குள்ளும் புகுந்தார். நீரில்லாத இடமாகப் பார்த்துப் புகுவதில் அவர் கெட்டிக்காரர். புகுந்ததும் ஒரு விதி போட்டார்: பயிற்சியாளரின் சாதனை நேரத்தை எட்டுகிறவனைத்தான் கோலாலம்பூர் தேர்வுப் போட்டிக்கு அனுப்புவது. யாரும் எட்டவில்லை. அதனால் என் பெருமை வருஷா வருஷம் வளர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். ஊரே கூட இருந்து சோறு அள்ளிப் போட்டால் ஒரு கஷ்டமும் இல்லை.

எட்டாவது வருஷம் ஒருவன் வந்தான். ரப்பர் தோட்டத்துக் குடும்பம், புக்கிட் பாருவில் அக்காள் வீட்டில் தங்கி, சைக்கிளில் வருவான். குளத்தில் என்னைவிட அரை நிமிஷம் வேகம். சாதனைக்கோ இன்னும் அரை நிமிஷம் குறை. அவனுக்கு அதுதான் கடைசி வருஷம். படிப்பு முடிந்தால் ஏதாவது உள்ளடங்கிய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே குளிப்பதற்கே கிணறுதான். கோலாலம்பூர் போனால் இப்போது போகவேண்டும். இல்லையென்றால் இல்லை.

குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அது ஓட்டத்தோடு நீந்தியது, அந்த நேரம் செல்லாது, இவனை அனுப்புங்கள் என்றேன். தலைவர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா! நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க? இவ்வளவு பெரிய சாதனைய வச்சிக்கிட்டு எவ்வளவு அடக்கம்!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிய கையோடு அவன் பெயரை அடித்தார்கள். முட்டாள்கள். உண்மையைத் தட்டில் வைத்து நீட்டினாலும் அதற்குப் பொட்டு வைத்துப் பூப்போடுகிற முட்டாள்கள். ஆனால் அவர்கள் நம்பவில்லை என்றதும் எனக்குள் வந்தது கோபமல்ல, நிம்மதி. சொல்லக் கூசுகிறது.

அவன் குளத்தருகே காத்திருந்தான். விஷயம் அதற்குள் எட்டியிருந்தது.

"ஓட்டத்துல நீந்துனதுன்னு சொன்னீங்களாமே, நெசமா சார்?"

"நெசம்தான்."

"அப்ப தலைவரக் கூப்பிட்டு வச்சி, இந்தக் குளத்துல நீந்திக் காட்டுங்க சார். அவரே ஸ்டாப்வாட்ச் புடிக்கட்டும். பேர் குடுக்க நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு."

ஐந்தாறு நிமிஷ வேலை. தலைவரை வரவழைப்பதும் பெரிய காரியமில்லை. வேடிக்கை என்றால் ஓடிவருவார்.

"எனக்கு வயசாயிடுச்சு தம்பி," என்றேன். "இப்ப நீந்தி என்ன தெரியப்போவுது?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். தலைவரை நான் அத்தனை வருஷமாகப் பார்த்துவந்த அதே பார்வை. பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு அப்போது முப்பது வயது.