பதினோராம் இலக்க நுணுக்குக்காட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில. இதை நானே முதல் சொல்லிப்போடுறன், பிறகு வேறை ஆக்கள் சொல்லத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு சின்னப் பல்கலைக்கழகக் கம்பஸ்ஸில முதலாம் வருஷ உயிரியல் பிள்ளைகளுக்கு டெமோவா இருந்தனான். நான் கத்தின கத்துக்கு, கீழ கன்டீனில தேத்தண்ணி ஆத்துறவருக்கும் கலப்பிரிவு பாடமாகியிருக்கும். டெமோ எண்டால் விரிவுரையாளர் இல்லை. செய்முறை வகுப்பில மேசை மேசையாப் போய், நுணுக்குக்காட்டியை, அதுதான் மைக்ரோஸ்கோப்பை, திருகி, இது கலம், அது காத்துக் குமிழ் எண்டு காட்டிக் குடுக்கிற ஆள். ஒரு வருஷ ஒப்பந்தம். ஆனா சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையை நான் ராசாத்தி மாதிரித்தான் செய்தனான்.

நான் கத்தினதில முக்கால்வாசி ஒரே வசனம்தான்: காணுறதை மட்டும் கீறுங்கோ. எங்கட பிள்ளைகள் டியூசன் குடுக்கிற டியூட்டரியில பாடமாக்கின படத்தோடதான் கம்பஸ்ஸுக்கு வருவினம். நுணுக்குக்காட்டிக்கு வெளிச்சம்கூடப் போட்டிருக்க மாட்டினம், ஆனா கொப்பியில படம் அச்சொட்டா இருக்கும். சல்லி எண்ட கரையோரக் கிராமத்தில இருந்து சைக்கிளில வாற ஒரு பிள்ளை மட்டும் ஒருநாள் பெரிய கறுத்த வட்டம் ஒண்டைக் கீறி, பக்கத்தில காத்துக் குமிழ் எண்டு எழுதி வைச்சிருந்தா. அண்டைக்கு அவவையும் ஏசினனான், ஸ்லைட்டை ஒழுங்காப் போடேல்லை எண்டு. தகப்பன் கடலுக்குப் போறவர், அந்த வீட்டில முதல் முதல் கம்பஸ்ஸுக்கு வந்தது அவதான். ஆங்கிலத்தில கேள்வி விளங்கவே அவவுக்கு நேரம் எடுக்கும்.

வருஷக் கடைசியில ஸ்பொட் டெஸ்ட் வந்தது. இருபது மேசை, இருபது பிள்ளை, ஒரு மேசைக்கு ரெண்டு நிமிஷம். ஆளுக்கொரு மேசையில தொடங்குவினம். மணி அடிச்சால் அடுத்த மேசை, திரும்பிப் போக ஏலாது. ஒரு குழு முடிய மற்றக் குழு. பதினோராம் மேசையில நான் என்ர கையால செய்த ஸ்லைட் இருந்தது: வெங்காய வேர் நுனியை நசுக்கி, சாயம் போட்டு, ஓரத்தை நகப்பூச்சால ஒட்டினது. நுணுக்குக்காட்டிக் கண்ணுக்குள்ள ஒரு முள் இருக்கும். அந்த முள் காட்டுற கலம் பிரிவின்ர எந்தக் கட்டத்தில நிக்குது எண்டதுதான் கேள்வி. நான் வைச்சது மெட்டாபேஸ், நிறமூர்த்தம் எண்ட குரோமோசோம் எல்லாம் நடுவில வரிசையா நிக்கிற கட்டம்.

குழு மாறேக்க இருபது மேசையையும் திரும்பச் சரிபாக்கிறது டெமோவின்ர வேலை. எங்கட கடற்காத்துக்குத் திருகெல்லாம் துருப்பிடிச்சுத் தேஞ்சு இளகிப்போய்க் கிடக்கு, ஸ்லைட் தானாச் சறுக்கும். அண்டைக்கு நான் பாக்கேல்லை. ஏனெண்டால் வெளிய வந்த குழு, வராந்தாவில வைச்சு உள்ள போற குழுவுக்கு விடை சொல்லிக்கொண்டு நிண்டுது. அதுகளைப் பிடிச்சு ஏசத் தொடங்கினனான். ஏச ஏச எனக்கு இன்னும் ஏறிச்சுது, இடைவேளை முழுக்க அதிலயே போட்டுது. ஏசி என்ன பிரயோசனம், விடை அதுக்குள்ள கைமாறிட்டுது.

பின்னேரம் தாள் திருத்தினன். பதினோராவதுக்கு எல்லாரும் மெட்டாபேஸ். சல்லிப் பிள்ளை மட்டும் அனாபேஸ் எண்டு எழுதியிருந்தா, அதாவது நிறமூர்த்தம் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் போற கட்டம். சிவப்பால வெட்டினன். கூட்டிப் பாத்தால் முப்பத்தேழு. பாஸ் பண்ண நாப்பது வேணும், ஒரு மேசைக்கு அஞ்சு புள்ளி, அரைகுறை விடைக்கும் ரெண்டு மூண்டு விழும். பெயிலெண்டால் அவ அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைகளோட இருந்து இந்தப் பாடத்தைத் திரும்பச் செய்யவேணும். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு சொல்லிக் குடுத்தும் இதுகூடத் தெரியேல்லையே எண்டு.

பூட்டிக் கிடந்த ஆய்வுகூடத்தைத் திறந்து சாமான்களை எடுத்து வைக்கப் போனன். பதினோராவதைக் கழட்ட முதல், என்ர ஸ்லைட்டை இன்னொருக்காப் பாக்கிற ஆசையில குனிஞ்சன். முள்ளுக்குக் கீழ நிண்டது அனாபேஸ். வலு வடிவான அனாபேஸ். என்ர மெட்டாபேஸ் ஒரு மயிரிழை தள்ளி நிண்டுது.

ஓடிப்போய்த் தாள்களைப் புரட்டினன், தொடங்கின மேசை இலக்கம் மேல எழுதியிருக்கும். ரெண்டாம் குழுவில பதினோராம் மேசையில தொடங்கினதே அந்தப் பிள்ளைதான். அவ கண்டது அனாபேஸ் எண்டால், அவவுக்குப் பிறகு வந்த பத்தொன்பது பேரும் கண்டதும் அதுதான். கண்டதை விட்டிட்டு, வராந்தாவில கேட்டதை எழுதியிருக்கினம்.

பொய் சொல்லமாட்டன், பேசாமல் விடுவம் எண்டும் நினைச்சனான். என்ர ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. அதை நீடிக்கிறது துறைத்தலைவர் மேடம், அவவிட்டைத்தான் இதைச் சொல்லவும் வேணும். சிவப்பு மையில நான் எழுதின முப்பத்தேழைத் திரும்பவும் பாத்தன். பிறகு தாளையும் நுணுக்குக்காட்டியின்ர கதையையும் கொண்டு மேடத்தின்ர அறைக்குப் போனன்.

அவ ஆய்வுகூடத்துக்கு வந்து தானே குனிஞ்சு பாத்தா. நிமிந்து, இடையில சரிபாத்தனீங்களோ எண்டு கேட்டா.

"இல்லை மேடம். ஏசிக்கொண்டு நிண்டனான்."

அவவுக்குச் சிரிப்பு வந்தமாதிரி இருந்தது, ஆனா சிரிக்கேல்லை. சல்லிப் பிள்ளைக்கு அஞ்சையும் போடச் சொன்னா. மற்றப் பத்தொன்பது பேருக்கும் அந்த அஞ்சை வெட்டச் சொன்னா, அதால ஒருத்தரும் பெயிலாகேல்லை. என்ர ஃபைலில ஒரு எச்சரிக்கைக் கடிதம் வைப்பன் எண்டா, வைச்சா. ஒரு வருஷம் நீடிக்கவேண்டிய ஒப்பந்தம் ஆறு மாசத்துக்குத்தான் நீடிச்சுது. எனக்கு வயித்தெரிச்சல் இல்லையெண்டில்லை.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பிழை என்ர, நாப்பத்திரண்டு உங்கட எண்டு சொன்னன். அவ தலையைக் குனிஞ்சு கொப்பியின்ர மூலையைச் சுருட்டிக்கொண்டு நிண்டா. எனக்கு ஒரு விஷயம் தெரியவேணுமெண்டு இருந்தது. எல்லாருக்கும் கேட்டது இவவுக்கு மட்டும் கேக்காமல் போனதோ?

"கேட்டது மிஸ். உள்ள போகேக்க ரெண்டு பேர் சொன்னவை, பதினொண்டு மெட்டாபேஸ் எண்டு," எண்டா. "ஆனா முள்ளுக்குக் கீழ அது இருக்கேல்லையே. காணுறதை மட்டும்தானே எழுதச் சொன்னனீங்கள்."

முகத்தை அங்கால திருப்பி, சரி போங்கோ, வகுப்புக்கு நேரமாச்சு எண்டு அவவிலயும் ஒருக்காக் கத்தினன். வேறை என்ன செய்யிறது, கண் கலங்கிட்டுது. ஒரு வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினனான். அதை ஒரு ஆள் கேட்டிருக்கிறா.